சதவீதத்தை விடுங்கள், புள்ளியைப் பாருங்கள்

நகரத்தார் ஊர்களில் கல்யாணமானால் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் சேரும் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவது எளிய கணக்கு. யார் யார் புள்ளி என்பதுதான் விஷயமே. 1920களில் அமெரிக்கா வகுத்த நாட்டுவாரிக் குடியேற்றக் கோட்டாவையும் செட்டிநாட்டுக்காரர்கள் இந்தக் கண்ணோடு படித்தால் சட்டென்று பிடிபடும்.

1921 சட்டப்படி, 1910 கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் இருந்த ஒவ்வொரு நாட்டுப் பிறப்பினரின் தொகையில் 3 சதவீதம் பேர் ஆண்டுதோறும் வரலாம். மொத்தம் சுமார் 3,57,000. ஒரே மாதத்தில் ஆண்டுப் பங்கில் 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆனால் தலையை எண்ணியது துறைமுகத்தில். அதனால் மாதக் கடைசியில் கப்பல்கள் நியூயார்க் வாசலில் காத்துக் கிடந்து, நள்ளிரவு மணி அடித்ததும் முந்திக்கொண்டு உள்ளே பாய்ந்தன. சில நிமிஷம் முன்னே நுழைந்துவிட்டால் தீர்ந்துபோன பழைய மாதக் கணக்கில் விழும். வந்தவர்கள் திரும்ப வேண்டியதுதான். 1924 சட்டம் எண்ணும் இடத்தை மாற்றியது: புறப்படும் நாட்டிலேயே தூதரகம் விசாவை எண்ணிக் கொடுத்தது, மாதத்துக்கு 10 சதவீதம் வரை.

அதே சட்டம் 3 சதவீதத்தை 2 ஆக்கியது. எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். இத்தாலியின் கோட்டா 42,057. சதவீதம் மட்டும் குறைந்திருந்தால் 28,000 மிஞ்சியிருக்கும். கிடைத்ததோ 3,845! அடிக்கணக்கை 1910-லிருந்து பின்னோக்கி 1890 கணக்கெடுப்புக்குத் தள்ளியதுதான் காரணம். தெற்கு, கிழக்கு ஐரோப்பியர் பெருவாரியாக வந்தது அதற்குப் பிறகு. பேரேட்டில் தனக்குத் தோதான பழைய ஐந்தொகையைத் தேடி எடுத்துப் பங்கு பிரித்த மாதிரி.

1929 ஜூலை 1 முதல் இன்னொரு சூத்திரம். சுமார் 1,50,000 இடங்களை, 1920 மக்கள்தொகையின் பூர்விக நாட்டு விகிதப்படி பிரித்தார்கள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர், அமெரிக்கப் பழங்குடியினர், குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஆசியர் யாரும் இந்த மக்கள்தொகையில் புள்ளி இல்லை. பூர்விகம் தெரியாத இடங்களில் 1790 கணக்கெடுப்பின் குடும்பப்பெயர்களை வைத்து ஊகித்தார்கள். ஸ்மித் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு ஜெர்மானிய ஷ்மிட் இருக்கக்கூடும். பெயர் அதைச் சொல்லாது. பிரிட்டனின் பங்கு 34,007-லிருந்து 65,721 ஆனது, அயர்லாந்து 28,567-லிருந்து 17,853-க்கு இறங்கியது.

இந்தியாவுக்கும் பட்டியலில் 100 இடம் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய். 1917 குடியேற்றச் சட்டமே இந்தியாவை விலக்கு மண்டலத்தில், அதாவது குடியேற வரக்கூடாத பகுதிகளில், வைத்துவிட்டது. 1923-இல் பகத் சிங் தீண்ட் என்ற இந்தியரின் குடியுரிமை வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், குடியுரிமை கிடையாது என்றது அங்குள்ள உச்ச நீதிமன்றம். ஆகவே அந்த 100, இந்தியாவில் பிறந்த ஐரோப்பியருக்கே உதவும். காரைக்குடியிலிருந்து ரங்கூன் கடைக்குப் போனவர்களுக்கோ இந்தத் தொல்லை இல்லை. 1937 ஏப்ரல் 1 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்.

1946-இல்தான் அமெரிக்கா இந்தியர்களுக்கென்று ஒரு கோட்டா தந்தது. பிரிவினைக்கு முந்தைய இந்தியா, கராச்சி முதல் கன்னியாகுமரி வரை, எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 100 பேர்.