தோள் இறங்கியிருக்கிறது என்று சொல்ல ஒருவர்

ஓவியக் கல்லூரிக்குப் போகாமல் முழுநேர ஓவியராக முடியுமா என்று கேட்டு வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் பி.காம். படித்தவன். சென்னையில் பன்னிரண்டு வருஷம் கணக்கு எழுதினேன். இன்று ஓவியமும் சுடுமண் சிற்பமும்தான் வீட்டுக்குச் சோறு போடுகின்றன.

வரையச் சொல்லித்தரக் காணொளிகள் ஏராளம். 'அந்தத் தோள் இறங்கியிருக்கு பார்' என்று சொல்லத்தான் எனக்கு ஆளில்லை. புகைப்படம் பார்த்து வரைவேன், ஷேடிங் நன்றாக வரும், சொந்தக்காரர்கள் பாராட்டுவார்கள். இரண்டு வருஷம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் முன்னால் பென்சிலோடு நின்றேன். ஊன்றிய காலின் முட்டி எவ்வளவு மடிந்திருக்கிறது என்பதைக்கூடப் பிடிக்க முடியவில்லை. இரண்டடி நகர்ந்தால் உருவமே வேறாக இருந்தது. அன்று வீடு திரும்பும்போது அழுகை வந்தது.

பிறகு ஞாயிறுதோறும் ஒரே சிலையை மூன்று பக்கத்திலிருந்து வரைந்தேன். பிழை பார்க்க மூன்று வழி வைத்துக்கொண்டேன். நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டு, கொத்தனாரின் தூக்குக் குண்டு மாதிரி நேர்கோடு பார்ப்பது. வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்ப்பது. முகத்தின் நீளத்தை 'தாளம்' என்ற ஓர் அளவாக வைத்து உடலை அளக்கும் சிற்பிகளின் கணக்கைப் பழகுவது. கோணல் தானாகத் தெரிய ஆரம்பித்தது. இதற்கிடையே அரசுத் தேர்வுத் துறையின் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வை லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளிலும் தனித்தேர்வராக எழுதினேன். நேரம் வைத்து வரையும் பழக்கம் அதில்தான் வந்தது, நீங்களும் எழுதுங்கள்.

சிற்பத்துக்கு எனக்குக் குரு கிடைத்தார், பானை செய்யும் அண்ணன் ஒருவர். நான் செய்த முதல் தலை அவர் சூளையில் வெடித்து, பக்கத்திலிருந்த பானைகளையும் உடைத்தது. அவர் கோபப்படவில்லை. "உள்ள ஈரம் இருக்கு தம்பி. அது வெளிய வர வழி விட்டியா?" என்று மட்டும் கேட்டார். கனமான மண்ணுக்குள் தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகும். வெளியேற வழியில்லாவிட்டால் மண்ணைப் பிளந்துவிடும். மண் பாதி இறுகியதும் உட்புறத்தைக் குடைந்து, சுவரை ஒரு விரல் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அடியில் ஒரு துளை விடுங்கள். நிழலில் வாரக்கணக்கில் காயட்டும். சூளையில் முதல் சூடு மெதுவாக ஏற வேண்டும். அவசரப்பட்ட ஒவ்வொரு முறையும் நான் ஒரு தலையை இழந்திருக்கிறேன்.

வேலையை எப்போது விடுவது? ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சென்னையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் (மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் துணி) முதலான கைவினைப் பொருள்களை விற்ற காசுதான் அந்தக் கலைஞர்களைத் தாங்கியது. அதனால் ஓவியத்தில் அவர்கள் யாருக்கும் வளையவில்லை. என்னுடைய பாத்திக், குழந்தைகளுக்கான வார இறுதி வகுப்பும் சுடுமண் பெயர்ப்பலகையும். அந்த வருமானம் தொடர்ந்து ஒரு வருஷம் வீட்டுச் செலவை ஈடுகட்டிய பிறகே ராஜினாமா கொடுத்தேன். இன்னொரு வருஷச் செலவுக்குப் பணம் தனியாக இருந்தது. "இப்ப விடுங்க" என்று முதலில் சொன்னது என் மனைவி.

கணக்கு நோட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். கேன்வாஸ், வண்ணம், சட்டம், வண்டி வாடகை, காட்சிக்கூடம் எடுத்துக்கொள்ளும் கழிவு (கமிஷன்) எல்லாம் எழுதினால்தான் படத்துக்கு விலை சொல்ல வரும். விற்ற படத்துக்குப் பணம் வாங்க ஒரு காட்சிக்கூடத்துக்கு எட்டு மாதம் நடந்திருக்கிறேன். படத்தைக் கொடுக்கும்போதே கழிவும் பணம் தரும் தேதியும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போதும் பெரும்பாலான ஞாயிறுகளில் காலை பத்தரைக்கு அந்த வெண்கலக் கூடத்தில்தான் இருப்பேன். நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். தோள் இறங்கியிருந்தால் சொல்கிறேன்.