தொண்ணூறு நாள்

ஜூன் 2
கம்பெனியை மற்றவர்களிடம் விட்டுவிட்டு எடுத்த தொண்ணூறு நாள் விடுப்பில் முதல் நாள். ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. சவரம் செய்துகொண்டேன், யாருக்காகவோ.

ஜூன் 3
மூன்று ஓடிபி. சப்ளையர்களுக்குப் பணம் போக வேண்டும், வங்கியில் இருப்பது என் போன் எண். பதினாறு வருடமாக அப்படித்தான். மூன்றையும் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினேன். விடுப்பில் இருக்கிறேனாம்!

ஜூன் 6
மெயிலைத் திறக்கவில்லை. சரி, திறந்தேன். இரண்டு தடவை.

ஜூன் 9
பேராசிரியர்களுக்கு இந்த மாதிரி நீண்ட விடுப்பை ஹார்வர்ட் 1880-லேயே கொடுத்திருக்கிறது. அதற்கும் முன்னால் பைபிளில் வரும் மோசேயின் சட்டத்தில் ஏழாம் வருடம் நிலத்தைத் தரிசாக விடச் சொல்கிறார்கள். நிலத்துக்கு இருந்த சலுகை முதலாளிக்கு வர இத்தனை காலம். பில் கேட்ஸ் வாரக்கணக்கில் தனியாகப் போய் உட்கார்ந்து படிப்பாராம். அது நாற்காலி மாற்றிச் செய்த வேலை, என் கணக்கில் சேராது. வடிவமைப்பாளர் ஸ்டீபன் சாக்மைஸ்டர் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஸ்டூடியோவையே ஒரு வருடம் மூடியிருக்கிறார். முதல் தடவை திட்டம் எதுவும் இல்லாமல் தொடங்கித் திண்டாடி, அப்புறம் மணிவாரியாக அட்டவணை போட்டுக்கொண்டாராம். அது கொஞ்சம் ஆறுதல்.

இரண்டு ஓடிபி.

ஜூன் 14
இரண்டு வருடமாக நான் மறுத்துவந்த தள்ளுபடியை ஒரு வாடிக்கையாளருக்குக் கம்பெனியில் கொடுத்துவிட்டார்கள். தற்செயலாகத்தான் தெரிந்தது. வயிறு எரிந்தது. என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லாபம் குறைகிறது, ஆனால் ஆர்டர் ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படியானால் நான் ஏன் மறுத்தேன்? யோசித்து யோசித்து ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. ஒருமுறை அவர்கள் வரவேற்பறையில் என்னை நாற்பது நிமிடம் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 15
ஞாயிறு. ஓடிபி இல்லை. தோள்பட்டை வலியும் இல்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போடக் கூடாது.

ஜூன் 19
மகள் சொன்னாள்: "போன் பேசாதப்ப உங்க மூஞ்சியே வேற மாதிரி இருக்குப்பா."
எப்படி என்று கேட்டேன். தெரியலை என்று போய்விட்டாள்.

ஜூன் 24
நான் இல்லாமல் கம்பெனி ஓடாது என்று எத்தனை மேடையில் பெருமையாகச் சொல்லியிருப்பேன்! கம்பெனியை விலை பேச வருகிறவனுக்கு அது பெருமை இல்லை, விலையைக் குறைக்கக் கிடைத்த காரணம். கடன் கொடுக்கிறவனுக்கும் அது பயம்தான். வங்கியில் என் எண்ணை மாற்றும் படிவம் வந்திருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. மேஜைமேல் கிடக்கிறது.

ஜூன் 27
குளித்துக்கொண்டிருந்தபோது ஓடிபி வந்து காலாவதியாகிவிட்டது. கணக்குப் பிரிவிலும் அதற்குள் கிளம்பிவிட்டார்கள். பணம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. சப்ளையர் "நாளைக்கு வந்தாலும் பரவாயில்லை" என்றாராம். பதினாறு வருடம்!

படிவத்தை எடுத்தேன். பேனா கிடைக்கவில்லை. தேடினேன்.

ஜூலை 1
படிவம் போய்ச் சேர்ந்துவிட்டது. மதியம்வரை போனில் ஒரு சத்தம் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது.