பின்னால் நிற்பவள்

பெப்ரவரி 13, வியாழன்
மழை விட்டும் மைதானம் சொதசொதவென்று கிடக்கிறது. டச்சுக் குடா மணலில்தான் சியர்லீடிங் பயிற்சி. சித்தி மகள் குட்டியின் கால் வீக்கம் வற்றிவிட்டது. சித்தி அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே ஓட்டோவில் ஏறினா.

பெப்ரவரி 14, வெள்ளி
தொடையில் ஏறி நிற்பதிலிருந்து மறுபடி ஆரம்பம். டீச்சர் அவசரப்படவில்லை, அதுதான் சரி. கீழே நின்று தாங்குகிற பேஸ் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று ஒரு காலை மடிக்க வேண்டும். மடித்த கால்களின் பாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் கணுக்காலுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். மற்றக் கால் பின்னால் நீட்டி விறைப்பாக. குட்டி பாதம் வைப்பது முழங்கால் பக்கம் அல்ல, தொடை இடுப்போடு சேரும் மடிப்பில். அங்கே வைத்தால் மரத்தில் நிற்பது போல் நிற்கலாம். கொஞ்சம் முன்னால் போனாலும் சறுக்கும், கீழே இருப்பவளுக்கும் நோகும்.

நான் பின்னால், அவள் இடுப்பில் கை. கை நடுங்கியதைக் குட்டி உணர்ந்திருப்பாள். ஒன்றும் சொல்லவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு
சித்தி வரவில்லை. இடியப்பம் மீந்துபோனது.

பெப்ரவரி 18, செவ்வாய்
நித்திரை இல்லை. குட்டி விழுந்த அன்றைக்கு நான் பார்த்தது ஒரு மானை. கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, மைதான ஓரத்தில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு நின்றது. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு மான் என்ன புதினமா? ஆனாலும் பார்த்தேன். இரண்டு எண்ணிக்கை இருக்கும், அவ்வளவுதான். திரும்பும்போது குட்டியின் தலை என் தோளுக்குக் கீழே போய்விட்டது.

ஏறுகிறவள் மேலே பார்க்க வேண்டும், பேஸ் அவளுடைய பாதத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அவளைத் தவிர வேறெதுவும் தெரியக்கூடாது. தலைக்கும் கழுத்துக்கும் நான்தான் பொறுப்பு. வேறு என்ன வேலை எனக்கு?

பெப்ரவரி 20, வியாழன்
அம்மாவிடம் சித்தி போனில் கேட்டாவாம்: "பொம்பிளைப் பிள்ளையள் மைதானத்தில கூத்தாடுறதுக்கா பள்ளிக்கூடம் அனுப்பினனாங்கள்?"

கூத்து இல்லை சித்தி. 1898இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் முதன்முதலில் கூட்டத்தின் முன்னால் நின்று சேர்ந்து கோஷம் போடவைத்த ஜோனி காம்பெல் ஒரு ஆண். சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் சியர் விளையாட்டின் உலக ஒன்றியத்துக்கு முழு அங்கீகாரம் கொடுத்தாயிற்று. நேரில் சொல்ல வாய் வராது. இங்கே எழுதி வைக்கிறேன்.

பெப்ரவரி 22, சனி
எலிவேற்றர் நின்றது! குட்டி எங்கள் கைகளில், தோள் உயரத்தில், எட்டு எண்ணும் வரை! பேஸுகள் ஒரு கையால் குதிக்காலையும் மறு கையால் முன்பாதத்தையும் தாங்கினார்கள். நான் கணுக்கால் இரண்டையும் இறுக்கிப் பிடித்து மேல்நோக்கி இழுத்தேன். அப்படி இழுத்தால்தான் அவர்களுடைய கையில் பாரம் குறையும். குட்டியின் கணுக்கால் எலும்பு என் உள்ளங்கையில் கூழாங்கல் மாதிரி. அந்த இடது கணுக்கால்.

பெப்ரவரி 24, திங்கள்
கிரேடில், மேலிருந்து வருகிறவளைக் கைகளில் ஏந்துவது. அவள் கீழே வரும்வரை காத்திருக்கக் கூடாது, கையை உயர்த்தி மேலேயே ஏந்த வேண்டும். பேஸுகளின் ஒரு கை முதுகுக்கு, ஒரு கை தொடைக்கு. என் கைகள் அவளுடைய அக்குளுக்குக் கீழே. பிடிக்கிற கணத்தில் எல்லாருடைய முழங்காலும் மடிய வேண்டும், இல்லாவிட்டால் முதுகு உடைந்துபோகும். பதினொரு தரம் செய்தோம். பதினொன்றும் பிடித்தேன். கடைசித் தரத்தில் மோதிர விரல் மடங்கிவிட்டது. ஐஸ் வைத்தேன்.

மான் வந்ததா என்று தெரியாது.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி
கோணேசர் கோவில். கோட்டை வாசலில் இருந்தே சனம். சித்தியும் வருவா என்று தெரிந்து, சாமத்திய வீட்டுக்கு அவ போட்ட மோதிரத்தை வீங்கின விரலில் நெரித்துப் போட்டுக்கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றா. திரும்பி என் கையைப் பார்த்தா. பிறகு தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை என்னிடம் நீட்டினா.

பெப்ரவரி 27, வியாழன்
நாளைக்கு இல்ல விளையாட்டுப் போட்டி. தலைமுடி இறுக்கப் பின்னியாயிற்று. நகம் ஒட்ட வெட்டியாயிற்று. நகை ஒன்றும் கூடாது என்று டீச்சர் இரண்டு தரம் சொல்லிவிட்டா, குட்டியின் தோலைக் கீறிவிடும். சவர்க்காரம் போட்டுப் பார்த்தேன், தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தேன். மோதிரம் கழரவில்லை. அம்மா நூல் எடுத்துவரப் போயிருக்கிறா