"கை கால் இருக்குத்தானே அக்கா?"

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு ஒருவழியாக என் வங்கிப் புத்தகத்தில் ஏறிவிட்டது. 2025 ஏப்ரலில் இருந்து அது 10,000 ரூபா. ஆனால் பிரதேச செயலகக் கந்தோரில் கேட்ட கேள்வி இன்னும் நெஞ்சுக்குள் நிற்கிறது: "உங்களுக்குக் கை கால் எல்லாம் இருக்குத்தானே அக்கா?"

இருக்கிறது. முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் செல் பீஸும், அதாவது வெடித்த எறிகணையின் உலோகத் துண்டும், இருக்கிறது. நான் புலிகள் இயக்கத்தில் இருந்தவள். 2000 பங்குனிக் கடைசியில் குடாரப்பில் கடலால் இறங்கி, இத்தாவிலில் கண்டி வீதியை மறித்து நின்றபோது பட்டது. இரண்டு பக்கமும் ஆமி, நடுவில் நாங்கள். ஏப்ரல் 22 இல் ஆமியின் ஆனையிறவு முகாம் விழுந்த செய்தியைக் காயக்காரரின் கொட்டிலில் குப்புறப் படுத்தபடி கேட்டேன். பக்கத்தில் கிடந்த பிள்ளை சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. தன்னோடு இறங்கினவர்களின் பேரை ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு போர் முடிந்த 2009 வரைக்கும் அந்தப் பீஸோடுதான் இயக்கத்தில் நின்றேன்.

ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம், குடும்ப அட்டை, அடையாள அட்டை எதிலும் சிக்கல் வரவில்லை. மாட்டுப்பட்டது வைத்தியச் சான்றிதழில். பழைய சிகிச்சைத் துண்டு வேணுமாம். எங்கே போவது? எங்களைப் பார்த்த மருத்துவப் பிரிவின் கொப்பிகள் புதுக்குடியிருப்புக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எந்தப் பங்கரில் போனதோ. நான் கொண்டுவந்தது உடுத்த உடுப்பு மட்டும். கையில் இருந்தது போருக்குப் பிறகு எங்களைத் தடுத்துவைத்த பூந்தோட்டம் முகாமில் தந்த புனர்வாழ்வுச் சான்றிதழ்தான். அதில் காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் பயத்தில் அதை எரித்துவிடாதீர்கள். நாங்கள் நின்றதற்கு அரசாங்கத்தின் முத்திரையோடு இருக்கிற ஒரே கடுதாசி அதுதான்.

கந்தோர்ப் பிள்ளை படிவத்தில் 'விபத்து' என்று பென்சிலால் எழுதினாள். "தங்கச்சி, அது விபத்தில்லை. யுத்தத்தில வந்த காயம் எண்டு போடுங்கோ" என்றேன். "அப்பிடி எழுதினால் பிரச்சினை வரும், ஐயாவைத்தான் கேக்கவேணும்." ஐயா லீவு. எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். அதுவரைக்கும் நோவோடு வாங்கில் இருந்தேன். அடுத்தமுறை போனால் ஐயா கூட்டத்தில். அந்தச் சொல்லை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

வழி திறந்தது ஒரு சாதாரண எக்ஸ்ரேயில். வயதான டொக்டர் ஒருவர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எலும்புக்குப் பக்கத்தில் அரிசிக் குறுணல்போல் வெள்ளைப் புள்ளிகள். ஒன்றும் கேட்காமல் 'உலோகத் துண்டுகள், போர்க்காயம்' என்று எழுதி ஒப்பமிட்டார். அந்த ஒப்பத்தைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பீஸ் உள்ளவர்கள் கவனியுங்கோ: எம்.ஆர்.ஐ. எடுக்க அனுப்பினால் உள்ளே உலோகம் இருக்கிறதென்று முதலே சொல்லவேண்டும். காந்தம் அதை அசைத்துவிடலாம். என்னையும் ஒருவரும் கேட்காமல்தான் அனுப்பப் பார்த்தார்கள். மூலப் பத்திரம் எதையும் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்த போட்டோக்கொப்பியின் இன்னொரு பிரதியில் 'கிடைத்தது' என்று முத்திரை வாங்குங்கோ. என் விண்ணப்பத்தைக் காணவில்லை என்று சொன்னபோது என்னைக் காப்பாற்றியது அந்த முத்திரைதான். நடமாடும் சேவை வந்தால் விடாதீர்கள். எல்லா உத்தியோகத்தரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள், ஐயா லீவு என்ற கதை இருக்காது.

என்னோடு இத்தாவிலில் நின்ற ஒருத்திக்குக் கண்ணுக்குப் பின்னால் பீஸ். அவளையும் 'விபத்து' என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை அவளோடு நானும் போகிறேன்.