பணம் கட்டுபவரும் ஓடும் குதிரையும்

குதிரைப் பந்தயத்தைப் பற்றிய நகைச்சுவைப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது, கிரவுச்சோ, சிக்கோ, ஹார்ப்போ என்னும் மார்க்ஸ் சகோதரர்கள் நடித்து 1937இல் வெளிவந்த ‘எ டே அட் தி ரேசஸ்’ படத்தைத்தான். ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக சாம் வுட் இயக்கிய இந்தப் படத்தில், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டியே அறியத் துடிக்கும் மனிதர்மேல்தான் சிரிப்பெல்லாம் விழுகிறது. குதிரை தன்பாட்டுக்கு ஓடுகிறது. பந்தயத் திடலை வைத்து நகைச்சுவை செய்ய நினைக்கும் எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கதை எளிமையானது. கடனில் மூழ்கும் ஒரு மருத்துவ இல்லத்தைக் காப்பாற்ற, பணக்கார நோயாளியின் (நடிகை மார்கரெட் டூமான்ட்) நம்பிக்கைக்கு உரிய டாக்டர் ஹாக்கன்புஷ் வரவழைக்கப்படுகிறார். கிரவுச்சோ நடித்திருக்கும் இந்த ஹாக்கன்புஷ் உண்மையில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர். மருத்துவ இல்லத்தின் உரிமையாளரான பெண்ணை விரும்பும் இளைஞரோ, கையில் இருந்த பணத்தையெல்லாம் போட்டு ‘ஹை ஹேட்’ என்ற பந்தயக் குதிரையை வாங்கியிருக்கிறார். சிக்கோவும், ஜாக்கியாக, அதாவது பந்தயக் குதிரையை ஓட்டுபவராக, வரும் ஹார்ப்போவும் அவருக்குத் துணை.

படத்தின் உச்சம் குதிரைகள் ஓடும் பாதையில் இல்லை. பணம் கட்டும் ஜன்னலுக்கு அருகில் நடக்கிறது. ‘சன் அப்’ என்ற குதிரைமேல் பணம் கட்டப் போகும் கிரவுச்சோவை, ஐஸ்கிரீம் வண்டியோடு நிற்கும் சிக்கோ தடுத்து, அந்தக் குதிரை தேறாது என்று சொல்லி எது ஜெயிக்கும் என்ற ரகசியத் துப்பை, அதாவது டிப்ஸை, ஒரு டாலருக்கு விற்கிறார். உறைக்குள் இருக்கும் தாளில் புரியாத எழுத்துகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒரு குறியீட்டுப் புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகத்தைப் புரிந்துகொள்ள இன்னொரு புத்தகம் வேண்டும். அதற்கும் துணையாக மேலும் சில வேண்டும். கை நிறையப் புத்தகங்களோடு கிரவுச்சோ ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே பந்தயம் முடிந்துவிடுகிறது. அவர் முதலில் நினைத்த அதே ‘சன் அப்’ ஜெயிக்கிறது. அதன்மேல் அவரிடம் வாங்கிய பணத்தைக் கட்டியிருந்தவர் சிக்கோ. டிப்ஸ் என்னும் வியாபாரத்தின் உள்கட்டமைப்பு முழுவதையும் சில நிமிடங்களில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொரு காட்சியை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு புத்தகமும் முந்தைய புத்தகத்தின் குறையை நிரப்புவதாகச் சொல்லித்தான் விற்கப்படுகிறது என்பதையும், வாங்குபவர் அதுவரை கொடுத்த பணத்தை வீணாக்க மனமில்லாமலேயே அடுத்ததையும் வாங்குகிறார் என்பதையும் கவனித்துப் பாருங்கள். சிக்கோ நிஜ வாழ்க்கையிலும் சூதாட்டத்தில் பெரும்பணம் இழந்தவர் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி; விற்பவரின் அந்தப் பொறுமையை அவர் அவ்வளவு இயல்பாக நடித்ததில் எனக்கு வியப்பில்லை.

இந்தக் காட்சிகளின் நேர்த்திக்கு ஒரு காரணம் உண்டு. படப்பிடிப்புக்கு முன்பே முக்கியமான நகைச்சுவைப் பகுதிகளை மேடைகளில் நடித்துக்காட்டி, மக்கள் எங்கே சிரிக்கிறார்கள் என்று பார்த்துத் திருத்தினார்கள். இந்த முறையைச் சகோதரர்களின் முந்தைய படத்திலேயே ஊக்குவித்த தயாரிப்பாளர் இர்விங் தால்பெர்க், இந்தப் படம் முடிவதற்கு முன்பே 1936 செப்டம்பரில், 37 வயதில் காலமானார்.

முடிவில் வரும் தடை தாண்டும் பந்தயமும் எனக்கு மிகவும் பிடிக்கும். வில்லனின் குரலைக் கேட்டாலே ஹை ஹேட் மிரண்டு, எதிரில் இருப்பதையெல்லாம் தாண்டிப் பாய்கிறது. குதிரை இயல்பிலேயே ஆபத்தைக் கண்டால் ஓடித் தப்பிக்கும் விலங்கு. மனிதக் குரல்களை இனம்காணவும் அதனால் முடியும். அந்த இயல்பின்மேல் கட்டப்பட்டதால்தான், வில்லனின் குரலை ஒலிபெருக்கி வழியாகத் திடலெங்கும் கேட்கச் செய்யும் தந்திரம் எவ்வளவு மிகையாக இருந்தாலும் நம்பும்படி இருக்கிறது. படத்தில் குறைகளும் இருக்கின்றன. நடுவில் வரும் நீர் நடனப் பகுதி நீண்டுகொண்டே போகிறது. பாடகி ஐவி ஆண்டர்சன் அருமையாகப் பாடும் பகுதியின் இறுதியில் சகோதரர்கள் முகத்தில் கரிய மசகைப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களிடையே ஒளிந்துகொள்வது இன்று பார்க்கையில் மனத்தை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

பேசும் விலங்குகளைக் கொண்ட படங்கள் வேறு வகை. 1951இல் வந்த ‘பிரான்சிஸ் கோஸ் டு தி ரேசஸ்’ படத்தில், யார் ஜெயிப்பார்கள் என்பதைக் குதிரைகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்கிறது ஒரு பேசும் கோவேறு கழுதை. குழந்தைகளுக்கு அது பிடிக்கும். விலங்கே வாய்திறந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் பந்தயத்தின் பதற்றம் போய்விடுகிறது என்பதால் எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. 1989இல் வந்த ‘லெட் இட் ரைட்’ படத்தில் நடிகர் ரிச்சர்ட் டிரைஃபஸ் ஒரே நாளில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே போகிறார். சுற்றியுள்ள வழக்கமான தோல்வியாளர்களின் முகங்களுக்காகவே அதைப் பார்க்கலாம்.

இன்னொரு படத்தைப் பற்றி மட்டும் எனக்குள் வாதம் தீரவில்லை. இயக்குநர் ஃபிராங்க் காப்ரா 1934இல் எடுத்த ‘பிராட்வே பில்’ பெரும்பகுதி கலகலப்பான நகைச்சுவை. லஞ்சம் வாங்கிய ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தும், குதிரை அதை மீறி ஓடி முதலில் வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் உயிரை விடுகிறது. அவ்வளவு நேரம் சிரிக்கவைத்த படத்துக்கு அந்தச் சாவு தேவையா என்று கேட்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் குதிரையை வைத்து எல்லோரும் ஆளுக்கொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்த கதையில், அது கொடுத்த விலையைக் காட்டாமல் விட்டிருந்தால் படம் பொய்யாகியிருக்கும் என்றே நினைக்கிறேன். காப்ராவும் அதை மாற்ற விரும்பவில்லை. 1950இல் பாடகரும் நடிகருமான பிங் கிராஸ்பியை வைத்து ‘ரைடிங் ஹை’ என்ற பெயரில் அதே கதையை மீண்டும் எடுத்தபோது, பழைய படத்தின் சில காட்சிகளையும் சேர்த்துக்கொண்டு, முடிவை அப்படியே வைத்தார். இரண்டையும் பார்க்க நேரமில்லாதவர்கள் 1934ஆம் ஆண்டுப் படத்தையே தேர்ந்தெடுக்கட்டும்.