தளர்ந்த கியர் லீவர்: பழுது பார்த்த நாட்குறிப்பு

பிப்ரவரி 4

8 முன் கியரும் 2 பின் கியரும் கொண்ட இந்தப் பழைய டிராக்டரின் முதன்மைக் கியர் லீவர், எந்தக் கியரில் இருந்தாலும் எல்லாப் பக்கமும் ஆடுகிறது. ஆனால் போட்ட கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்றுகொள்வதில்லை. பாரம் இழுக்கும்போது கியர் நழுவியிருந்தால், உள்ளே கியர்களை மாற்றும் ராடுகளை அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் சிறு குண்டுகளையும் ஸ்பிரிங்குகளையும், ஏன், கியர்ப் பற்களையுமே சந்தேகிக்க வேண்டியிருக்கும். இங்கே தேய்மானம் லீவரோடு நிற்பதாகவே தோன்றுகிறது.

பிப்ரவரி 6

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றினேன். லீவர் பொருந்தியிருக்கும் கியர் பாக்ஸ் மூடியைச் சுற்றி இறுகியிருந்த மண்ணையும் கிரீஸையும் சுரண்டித் துடைப்பதற்கே பெரும்பாலான நேரம் போயிற்று. சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் அத்தனையும் கியர் பாக்ஸுக்குள் விழும். பிறகு நியூட்ரலில் வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி, மூடியை லீவரோடு தூக்கியெடுத்தேன்.

லீவரின் அடியை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருந்தது. அதன் வழியே இறங்கிய தூசு, லீவரின் உருண்டை அமரும் குழியை அரைத்திருந்தது. தண்ணீரும் இறங்கியதால் ஆயில் பால்நிறமாகியிருந்தது. உருண்டையை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் விறைப்பிழந்திருந்தது, லீவர் தன்னைத்தானே சுற்றாமல் தடுக்கும் ‘பின்’ என்ற சிறு ஆணி ஒருபக்கம் தேய்ந்திருந்தது. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தந்தது லீவரின் அடிநுனி. அது இருபுறமும் மெலிந்துவிட்டதால், ஒரு ராடை முழுமையாக நியூட்ரலுக்குக் கொண்டுவராமலேயே பக்கத்து ராடில் நுனி பொருந்தும் பள்ளத்துக்குத் தாவ இடமிருக்கிறது. இரண்டு கியர்கள் ஒருசேர விழாமல் காக்கும் பூட்டும் தேய்ந்திருக்குமானால், கியர் பாக்ஸே இறுகிப்போகும்.

பிப்ரவரி 9

ஸ்பிரிங், பின், பூட், மூடிக்கடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஆகியவற்றைப் புதிதாக வாங்கினேன். அடிநுனியில் வெல்டிங் வைத்து உலோகத்தை ஏற்றி, தண்ணீரில் முக்காமல் தானாக ஆறவிட்டு, பள்ளத்தில் பொருத்திப் பொருத்திப் பார்த்து அரத்தால் ராவினேன். சூட்டோடு தண்ணீரில் முக்கினால் இரும்பு கடினமாகி விரிசல் விடலாம் என்பதால் இதில் அவசரம் கூடாது. ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது என்று இறுக்கமாக விடுவதும் தவறு, ஏனெனில் நுனி ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்குத் தடையின்றி நகர வேண்டும்.

பிப்ரவரி 10

பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை அளவுகோலின் குறி வரை ஊற்றினேன். மூன்று ராடுகளின் பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்த பிறகே மூடியை இறக்கினேன். ஒன்று விலகியிருந்தாலும் நுனி சரியாக அமராது. போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கினேன். எஞ்சினை இயக்காமல் கிளட்சை மிதித்து எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்தபோது, பற்கள் நேருக்கு நேர் முட்டிய ஓரிரு இடங்களில் மட்டும் வண்டியைச் சற்றே தள்ள வேண்டியிருந்தது.

பிப்ரவரி 13

கலப்பையோடு உழுது பார்த்தாயிற்று. லீவரில் சிறு அசைவு இருக்கிறது, ஆனால் நியூட்ரல் எது, கியர் எது என்பது கைக்குத் தெளிவாகத் தெரிகிறது. மூடியின் ஓரத்தில் இலேசாக ஆயில் கசிந்திருந்த இடத்தில் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன்.