அப்பா பார்த்த மாட்டுச் சந்தை

ஆகஸ்ட் 21, 2024, புதன்

அப்பா வெள்ளகோவிலிலிருந்து, அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் செயின்ட் பால் நகருக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. காலையில் எழுந்து ஜன்னலோரம் உட்காருகிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். ஊரில் விடியும் முன்பே கட்டுத்தரையில் நிற்கிற மனிதர்.

நாளை மினசோட்டா மாநிலச் சந்தை தொடங்குகிறது. 1859-இல் ஆரம்பித்தது. இங்கே செப்டம்பர் முதல் திங்களன்று வருகிற தொழிலாளர் தினம் வரை 12 நாள். ராட்டினமும் தீனியும்தானே என்று நானே இரண்டு வருடமாகப் போகவில்லை. அப்பா ஒன்றுதான் கேட்டார்: "மாடு வருமா?" சனிக்கிழமை போகிறோம்.

ஆகஸ்ட் 24, சனி

காரைத் தூரத்து இலவச நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் பேருந்தில் போனோம். வாசலிலேயே நல்ல கூட்டம். மகனுக்கு முதலில் ஒரு வாளி குக்கீ வேண்டுமாம், அப்புறம் பெரிய சறுக்குமரம். அவனை அவன் அப்பாவோடு அனுப்பிவிட்டு, நானும் அப்பாவும் மாட்டுக் கொட்டகைக்குப் போனோம்.

உள்ளே நுழைந்ததும் சாணமும் வைக்கோலும் கலந்த வாசம். அப்பாவின் நடையே மாறிவிட்டது. பதினைந்து வயது இருக்கும், ஒரு பெண் தன் ஹோல்ஸ்டீன் மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எத்தனை லிட்டர் கறக்குதுன்னு கேளு" என்றார். ஒரு நாளைக்கு 80 பவுண்டு என்றாள் அவள். கிட்டத்தட்ட 36 கிலோ. காங்கேயம் மாட்டில் இரண்டு மூன்று லிட்டர் கறந்தவருக்கு அதை நம்ப ஒரு நிமிடம் ஆனது. பிறகு மாட்டின் பின்பக்கம் போய் மடியை நன்றாகப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மாடு, ஆடு, பன்றி எல்லாம் குட்டி ஈனுவதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் பக்கத்திலேயே நிற்க, எல்லார் கண் முன்னாலும் பிரசவம் நடக்கிறது. ஒரு மாடு எழுந்து எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. "இன்னும் அரை மணிதான் கண்ணு" என்றார் அப்பா. மகனையும் வரச் சொன்னேன். முன்னங்கால் குளம்பு இரண்டும், அதன் மேல் மூக்கும் தெரிந்தபோது, "நேராத்தான் இருக்குது, பயமில்லை" என்று முணுமுணுத்தார். அவர் சொன்ன நேரத்துக்குக் கன்று விழுந்தது. தாய் நக்க ஆரம்பித்தது. மகன் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்புச்சி, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றான். அவன் அவரிடம் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. அதன் பிறகு கன்று எழுந்து நிற்கும்வரை இருவரும் அங்கிருந்து நகரவில்லை.

பால் கட்டடத்தில் ஒரு கண்ணாடி அறை மெதுவாகச் சுழல்கிறது. உள்ளே குளிருக்குக் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருக்க, 90 பவுண்டு வெண்ணெய்க் கட்டியில் அவள் முகத்தைச் செதுக்குகிறார்கள். மாநிலத்துப் பால் பண்ணையாளர்களின் தூதராக வருகிற போட்டியில் இறுதிச் சுற்றுவரை வந்தவளாம். அப்பா வெகுநேரம் பார்த்தார். "மாடு வெச்சிருக்கிற வீட்டுப் புள்ளைக்கு ஊரே கூடி மரியாதை செய்யுது" என்றார். கண்ணபுரம் தேர்ச் சந்தைக்குத் தாத்தாவோடு காளை பிடித்துக்கொண்டு நடந்து போனதை வண்டி ஏறும்வரை சொன்னார். எனக்கே தெரியாத கதைகள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

எல்லாருக்கும் கால் வலி. நேற்று எழுத விட்டுப்போனது விதைப் படங்கள். விதைகளையே பலகையில் ஒட்டி முகங்கள், வீடுகள், பறவைகள். மினசோட்டாவில் விளைகிற பயிர்களின் விதைதான் இருக்க வேண்டும் என்பது விதி. 1965 முதல் நடக்கிற போட்டி. எந்த நிறத்துக்கு எந்த விதை என்று படத்தோடு சின்னப் பட்டியலும் ஒட்டியிருந்தது. அப்பா பட்டியலைப் பார்க்காமலே பாதி விதைகளுக்குப் பெயர் சொன்னார்.

செப்டம்பர் 2, திங்கள்

சந்தை இன்றோடு முடிகிறது. ஜன்னலோர நாற்காலி காலி. சாப்பாட்டு மேசையில் அட்டையைப் பரப்பி, தாத்தாவும் பேரனும் ஒரு காங்கேயம் காளை செய்துகொண்டிருக்கிறார்கள். உடம்புக்குத் தோல் நீக்கிய உளுந்து, கொம்புக்குக் கேழ்வரகு, கண்ணுக்கு ஒரே ஒரு மிளகு. திமிலுக்குக் கறுப்பு உளுந்து போதவில்லை. கடை மூடுமுன் வாங்கி வரச் சொல்லி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள்.